பானட்டில் துளையிடும் முன்

என்னுடன் ஆய்வு செய்யும் நண்பர் ஒருவர் புனேயில் பழைய டீசல் ஜீப் ஒன்றை வைத்திருக்கிறார். கோடையில் நகர நெரிசலில் சிக்கினால் அதன் வெப்பமானி முள் ஏறும். காலடித் தகடு சுடும். இரண்டு மாதங்களுக்கு முன் தம் உதவித்தொகையில் பாதியைச் செலவழித்து, ஒரு பட்டறையில் பானட்டை வெட்டி இரண்டு காற்றுத் திறப்புகளைப் பொருத்திக்கொண்டார். பார்வைக்கு உறுத்தக் கூடாது என்பதால், அவை முன்கண்ணாடிக்கு ஒரு சாண் முன்னால், பானட்டின் பின்பகுதியில் அமைந்தன. "சூடு மேலேதானே போகும்" என்பது பட்டறைக்காரர் சொன்ன காரணம்.

நகருக்குள் அவர் சொன்னது பலித்தது. சிக்னலில் நிற்கும்போது திறப்பின் மேல் கைவைத்தால் அனல் தெரிந்தது. நண்பர் மகிழ்ந்தார். ஆனால் நெடுஞ்சாலையில் மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் சென்றபோது, முன்பெல்லாம் நடுவில் நின்ற முள் அதையும் தாண்டி ஏறத் தொடங்கியது. சூட்டைக் குறைக்கச் செய்த துளை சூட்டைக் கூட்டியது எப்படி? இந்தக் கேள்விக்கு விடை தேடியதன் விளைவே இப்பதிவு. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: காற்றழுத்தத்தை அளந்து பார்க்காமல் எவரும் தம் வண்டியின் பானட்டை வெட்டக் கூடாது.

எரிபொருளில் உள்ள ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே சக்கரத்தை நோக்கிச் செல்கிறது. எஞ்சியதில் பெரும்பகுதி புகைக்குழாய் வழியாகவும் ரேடியேட்டர் வழியாகவும் வெப்பமாக வெளியேறுகிறது. ரேடியேட்டரைக் கடந்து சூடேறிய காற்று எஞ்சின் அறைக்குள்தான் வந்து சேர்கிறது. அது எளிதாக வெளியேறினால்தான் முன்னாலிருந்து புதிய காற்று நுழைய முடியும். வழக்கமான வண்டிகளில் அதற்கான வழி கீழ்ப்புறம். எஞ்சினுக்கு அடியிலும் பின்னாலும் உள்ள இடைவெளிகள். பானட்டில் இன்னொரு வழி திறந்தால் நல்லதுதானே என்று தோன்றுவது இயல்பு. ஆனால் துளை தானாக வாயிலாகிவிடாது. காற்று அதன் வழியே வெளியே போகுமா, உள்ளே வருமா என்பதைத் துளைக்கு மேலும் கீழும் உள்ள அழுத்த வேறுபாடே தீர்மானிக்கிறது.

ஓடும் வண்டியின் பானட் மீது அழுத்தம் எங்கும் ஒரே அளவில் இருப்பதில்லை. முன்விளிம்பைத் தாண்டி மேலே வளையும் காற்று வேகம் கொள்வதால், பானட்டின் முன்பகுதியில் அழுத்தம் குறைகிறது. அதே காற்று முன்கண்ணாடியை நெருங்கும்போது தடைபட்டு வேகம் இழக்கிறது. அங்கே அழுத்தம் உயர்கிறது. பெரும்பாலான கார்களில் பயணிகளுக்கான வெளிக்காற்றைக் கண்ணாடியின் அடிவரம்பில் எடுப்பதற்கு இதுவும் ஒரு காரணம். 1969ஆம் ஆண்டின் ஷெவர்லே கமாரோவில், கண்ணாடியை நோக்கித் திறந்த பானட் மேடு ஒன்றைக் கூடுதல் வசதியாகக் கொடுத்தார்கள். எஞ்சினுக்குக் காற்றை உள்ளே எடுப்பதே அதன் பணி. நம் பட்டறைகளோ ஏறக்குறைய அதே இடத்தில் துளையிட்டு, சூடு வெளியேறும் என்று எதிர்பார்க்கின்றன.

வடிவத்தைப் பார்த்துப் பயனை ஊகிப்பதில் இன்னொரு குழப்பமும் உண்டு. 2009இல் இந்தியாவுக்கு வந்த முதல் தலைமுறை ஃபார்ச்சூனரின் பானட்டில் இருந்த மேடு, எஞ்சினின் தலைமேல் அமர்ந்த இன்டர்கூலருக்குக் காற்றை உள்ளே கொடுப்பது. ராலிப் பந்தயங்களில் பெயர்பெற்ற மிட்சுபிஷி லான்சர் எவல்யூஷனின் பானட்டில் ரேடியேட்டருக்குப் பின்னால் இருந்த பெரிய திறப்பு, சூடான காற்றை வெளியேற்றுவது. இரண்டையும் 'பானட் துளை' என்ற ஒரே பெயரில் விற்கும் கடைக்காரருக்கு இந்த வேறுபாடு ஒரு பொருட்டல்ல. காசு கொடுக்கும் நமக்கு அது பொருட்டாக வேண்டும்.

வேகம் என்ன செய்கிறது என்பதை எண்களில் பார்க்கலாம். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் எதிர்க்காற்று தரும் அழுத்தம் சுமார் 460 பாஸ்கல். நீர் நிரப்பிய குழாயில் அது ஏறத்தாழ 47 மில்லிமீட்டர் உயரம். அழுத்தம் வேகத்தின் இருமடியைப் பொறுத்தது. ஆகவே மணிக்கு 20 கிலோமீட்டரில் அது 25இல் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். 2 மில்லிமீட்டர்கூட இல்லை. ஊர்ந்து செல்லும் நகர நெரிசலில் பானட் மீதான காற்றோட்டம் கிட்டத்தட்ட ஒன்றும் செய்வதில்லை. அங்கே வேலை செய்வது ரேடியேட்டர் ஃபேன்தான். அது உள்ளே தள்ளும் காற்று எந்தத் துளை கிடைத்தாலும் வெளியேறும். எஞ்சினை நிறுத்திய பின் தேங்கும் சூடும் மேல்நோக்கிச் செல்லும். பட்டறைக்காரர் சொன்னது நிற்கும் வண்டிக்கு உண்மை. ஓடும் வண்டிக்கு அது பொருந்தவில்லை.

இதை ஊகமாக விட்டுவிட எங்களுக்கு மனமில்லை. பானட்டின் மேல் வரிசையாகக் கம்பளி நூல் துண்டுகளை ஒட்டி, உள்ளே பொருத்திய கைபேசியால் படம் பிடித்தோம். மணிக்கு 60 கிலோமீட்டரைத் தாண்டியதும் திறப்பின் விளிம்பில் இருந்த நூல்கள் உள்நோக்கி இழுபட்டன. பிறகு மெல்லிய ஒளிபுகும் குழாயை ஆங்கில 'யூ' எழுத்துப்போல் வளைத்து, நிறம் கலந்த நீரை நிரப்பி, ஒரு முனையை பானட்டின் மேற்பரப்பிலும் மறுமுனையை எஞ்சின் அறைக்குள்ளும் வைத்தோம். பின்பகுதியில் மேற்பரப்பின் அழுத்தமே மிகுதியாக இருந்தது. ரேடியேட்டருக்குச் சற்றுப் பின்னே அது குறைவாக இருந்தது. இறுதியாகத் திறப்புகளை நாடாவால் மூடி அதே சாலையில் அதே வேகத்தில் ஓட்டினோம். முள் பழைய இடத்துக்கே திரும்பியது.

நெரிசல் சூட்டின் மூலகாரணம் வேறிடத்தில் இருந்தது. ரேடியேட்டரின் இதழ்களுக்கிடையே பல ஆண்டுத் தூசி அடைந்திருந்தது. அதன் ஓரங்களை அடைத்திருக்க வேண்டிய ரப்பர் பட்டைகள் எப்போதோ உதிர்ந்துவிட்டன. எனவே சூடான காற்றே சுற்றிக்கொண்டு மறுபடி ரேடியேட்டரின் முன்னால் வந்துகொண்டிருந்தது. சுத்தம் செய்து பட்டைகளை மாற்ற ஆன செலவு, பானட்டை வெட்டிய செலவில் மிகச் சிறிய பகுதி. ஃபேன் சரியான நேரத்தில் சுழல்கிறதா, அதைச் சுற்றிய கூடு உடைந்திருக்கிறதா, கூலன்ட் போதிய அளவில் உள்ளதா என்று பார்ப்பதும் இந்த வரிசையில்தான் வரும். துளையிடுவது கடைசி வழி.

கடைசி வழி என்று சொல்வதற்கு வேறு காரணங்களும் உள்ளன. பானட்டின் அடியில் ஓடும் விலா எலும்பு போன்ற சட்டகம் அதற்கு உறுதி தருகிறது. பாதசாரி மீது மோத நேர்ந்தால், அவர் தலை பட்டு நெளிந்துகொடுக்கும்படி தகடும் அதன் கீழ் உள்ள இடைவெளியும் திட்டமிடப்படுகின்றன. அதை அரம் கொண்டு அறுப்பவர் இதை எண்ணிப் பார்ப்பதில்லை. மழைக்காலத்தில் திறப்பு வழியே இறங்கும் நீர் மின்னிணைப்புகள் மேல் விழுமானால், சூட்டைவிடப் பெரிய தொல்லை வரும். சட்டமும் உண்டு. பதிவுச் சான்றிதழிலுள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்தவற்றிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றுவதை 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. வெட்டுவதற்கு முன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திடமும் காப்பீட்டு நிறுவனத்திடமும் எழுத்தில் கேட்டுக்கொள்வது நல்லது.

பானட் துளையே வீண் என்று நான் வாதிடவில்லை. பந்தயத் தடத்தில் நீண்ட நேரம் முழு விசையில் ஓடும் வண்டிக்கு, சரியான இடத்தில் அமைந்த திறப்பு ரேடியேட்டரின் வேலையை எளிதாக்கும். அந்த இடத்தைக் கண்டுபிடிக்கப் பெரிய ஆய்வகம் வேண்டியதில்லை என்பதே நான் வலியுறுத்துவது. சில முழம் நூல், ஒரு மீன்தொட்டிக் குழாய், ஒரு விடுமுறை நாள் போதும். நம் நாட்டில் வண்டியை நேசிப்பவர்கள் ஏராளம். அதன் மீது கத்தியை வைப்பதற்கு முன் அளவுகோலை வைக்கும் பழக்கம்தான் இன்னும் வேரூன்றவில்லை.

நண்பரின் பானட்டில் இப்போது அந்த இரண்டு இடங்களையும் தகடு வைத்து அடைத்தாயிற்று. பற்றவைத்த இடத்தில் வண்ணம் சற்று மாறுபட்டுத் தெரிகிறது. திரும்ப வண்ணம் பூச உதவித்தொகை வரட்டும் என்று காத்திருக்கிறார். உங்களில் யாரேனும் இந்த வாரம் பட்டறைக்குப் போக எண்ணியிருந்தால், முதலில் பத்துத் துண்டு நூலை ஒட்டி ஓட்டிப் பாருங்கள். என்ன கண்டீர்கள் என்பதைப் பின்னூட்டத்தில் எழுதுங்கள்.