பழவேற்காடு: படகில் ஏறாமலே ஒரு முழு நாள்

அரையாண்டு விடுமுறை வந்துவிட்டால் சென்னை வீடுகளில் ஒரே கேள்விதான். ‘வந்திருக்கிற விருந்தாளிகளை எங்கே கூட்டிப்போவது?’ மெரினா பார்த்தாயிற்று. மாமல்லபுரம் போன வருஷமே போயாயிற்று. மாலுக்குப் போனால் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம், பெரியவர்களுக்குக் கால்வலி.

அப்படிப்பட்ட வீடுகளுக்கு ஒரு நல்ல பதில், சென்னைக்கு வடக்கே சுமார் 55 கி.மீ. தூரத்தில் இருக்கிறது. பழவேற்காடு!

விருந்தாளி மலேசியாவிலிருந்து வந்தவர் என்றால் இன்னும் விசேஷம். அங்கே ஆண்கள் உடுத்தும் கட்டம் போட்ட கைலிக்கு ‘கைன் பெலிகாட்’ என்று பெயர். அந்தப் ‘பெலிகாட்’ வேறு எதுவுமில்லை, ஐரோப்பியர் வாயில் ‘புலிகாட்’ ஆகிப்போன நம் பழவேற்காடுதான். ஒரு காலத்தில் இங்கிருந்து கப்பலேறிய துணி, ஊரின் பெயரையும் கூடவே கொண்டுபோய்விட்டது. வீட்டில் தினமும் கட்டும் கைலியின் சொந்த ஊரைக் காட்டினால் எந்த மாமாவுக்குத்தான் பிடிக்காது?

முதலில் படகு விஷயம்

பழவேற்காடு என்றதும் எல்லோரும் கேட்பது படகு சவாரி. அதைப் பற்றி வீட்டிலேயே பேசி முடித்துவிட்டுக் கிளம்புவது நல்லது.

2011 டிசம்பர் 25. கிறிஸ்துமஸ் விடுமுறையைக் கழிக்கக் குடும்பமாக வந்தவர்கள் ஏறிய மீன்பிடிப் படகு இங்கே கவிழ்ந்தது. குழந்தைகள், பெண்கள் உட்பட 22 பேர் இறந்துபோனார்கள். அதன்பிறகு சுற்றுலா வருபவர்களைப் படகில் ஏற்றிச் செல்ல மாவட்ட நிர்வாகம் தடை போட்டது.

ஏரியின் பெரும்பகுதி ஆழம் குறைந்தது. பார்க்கக் குளம் போல அமைதியாக இருக்கும். ஆனால், அடியில் சேறு. கடலோடு சேரும் முகத்துவாரத்தில் ஏற்ற இறக்க நீரோட்டமும் கடல் அலையும் மோதிக்கொள்ளும். அன்றாடம் அங்கே போய்வருகிற மீனவருக்கு அந்த இடம் தெரியும். சேலையும் செருப்புமாக, மடியில் குழந்தையோடு உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியாது. ‘சும்மா ஒரு ரவுண்டு’ என்று யாராவது கூப்பிட்டாலும், உயிர்காப்பு உடை இல்லாத மீன்பிடிப் படகில் ஏற வேண்டாம். கரையிலேயே ஒரு நாளுக்குப் போதுமான விஷயம் இருக்கிறது.

காலையில் கரை

விடியற்காலையில் கிளம்பி, வெயில் ஏறுமுன் மீன் வந்து இறங்கும் கரைக்குப் போய்விடுங்கள். இறால், நண்டு, மடவை, கொடுவா என்று கூடைகூடையாக இறங்கும். ஏலக் குரலும், பெண்களின் பேரமும், காகங்களின் சத்தமும் சேர்ந்து பிள்ளைகளின் தூக்கத்தைக் கலைத்துவிடும்.

விருந்தாளிகளுக்குச் சொல்ல அங்கே ஒரு நல்ல கதை உண்டு. முகத்துவாரத்துக்கு அருகே இறால் ஓட்டம் அதிகம். எல்லோரும் வலை கட்ட அங்கே இடம் போதாது. அதனால் கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகிய மூன்று ஊர்களும் முறை வைத்து நாட்களைப் பிரித்துக்கொள்கின்றன. ஊருக்குள் யார் எந்த இடத்தில் வலை கட்டுவது என்பதைச் சீட்டுப் போட்டு முடிவு செய்வார்கள். இதற்குப் ‘பாடு’ என்று பெயர். நல்ல இடம் ஒருவருக்கே நிலைத்துவிடாமல் எல்லோருக்கும் சுற்றிவர வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. இந்த உரிமை இல்லாத ஊர்களுக்கு இதில் வருத்தமும் உண்டு, தகராறுகளும் நடந்திருக்கின்றன.

வலையே இல்லாமல் மீன்பிடிப்பவர்களும் இருக்கிறார்கள். இருளர் பெண்கள் ஆழம் குறைந்த நீரில் உட்கார்ந்தபடியே நகர்ந்து, கையால் சேற்றைத் துழாவி இறால் பிடிப்பார்கள். பிடித்ததைப் போட, பல்லில் கவ்விய பனையோலைப் பறி. நாம் கிலோ என்ன விலை என்று கேட்கும் இறாலில் அவர்கள் பிடித்ததும் இருக்கும்.

கரையில் பேச்சுக் கொடுத்தால் முகத்துவாரத்தைப் பற்றித்தான் அதிகம் பேசுவார்கள். அது மணல் மூடிக்கொண்டால் கடல்நீர் உள்ளே வராது. கடல்நீர் வராவிட்டால் இறால் குஞ்சும் வராது, படகும் வெளியே போக முடியாது. அதனால்தான் முகத்துவாரம் நிரந்தரமாகத் திறந்திருக்க வேண்டும் என்று பல ஆண்டுகளாகக் கேட்டுவருகிறார்கள். ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் ஏவும் நாளிலும் இப்படித்தான். நமக்கு அது வானத்தில் வேடிக்கை. கடலுக்குப் போகத் தடை என்பதால் அவர்களுக்கு அன்று வேலையில்லை.

எலும்புக்கூடு காவல் காக்கும் கல்லறை

அடுத்து, கடைத்தெருப் பக்கம் நடந்தால் டச்சுக்காரர்களின் கல்லறைத் தோட்டம். தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. வாசலின் இருபுறமும் கல்லில் செதுக்கிய இரண்டு எலும்புக்கூடுகள்! பிள்ளைகள் முதலில் பயந்து, பிறகு அதன் பக்கத்தில் நின்றுதான் போட்டோ எடுப்பார்கள். ‘நீயும் ஒருநாள் இப்படித்தான்’ என்று உள்ளே வருபவருக்கு நினைவூட்டுவது அந்தக் கால ஐரோப்பிய வழக்கம்.

உள்ளே 17-ம் நூற்றாண்டுக் கல்லறைகள், டச்சு மொழியில் பெயர்களும் குடும்பச் சின்னங்களும். டச்சுக்காரர்கள் 1613-ல் இங்கே கட்டிய கோட்டையின் பெயர் கெல்ட்ரியா. 1690-ல் தலைமையிடத்தை நாகப்பட்டினத்துக்கு மாற்றும்வரை, சோழமண்டலக் கரையில் அவர்களுக்குப் பழவேற்காடுதான் தலைநகரம். இங்கே காசு அடித்தார்கள், வெடிமருந்து தயாரித்தார்கள், துணி ஏற்றினார்கள். 1825-ல் ஊர் முழுவதுமாக ஆங்கிலேயர் கைக்குப் போனது. கோட்டை இருந்த இடத்தில் இன்று புதரும் அகழியின் மிச்சமும்தான். கோட்டை பார்க்கப் போகிறோம் என்று விருந்தாளிகளிடம் சொல்லிவிடாதீர்கள், ஏமாந்துபோவார்கள்.

பெரிய பிள்ளைகள் இருந்தால் இன்னொன்றையும் சொல்லத்தான் வேண்டும். இந்தத் துறைமுகத்திலிருந்து துணி மட்டும் போகவில்லை. பஞ்சமும் போரும் வந்த ஆண்டுகளில் ஆயிரக்கணக்கான மனிதர்களும் அடிமைகளாக விலைபேசப்பட்டு, இன்றைய ஜகார்த்தாவான பத்தாவியாவுக்குக் கப்பலேற்றப்பட்டார்கள். வியாபாரிகளுக்குக் கல்லறை இருக்கிறது. அவர்களுக்கு இங்கே ஒரு கல்கூட இல்லை.

ஒரே ஊரில் மூன்று வாசல்

ஆதிநாராயணப் பெருமாள் கோயில் விஜயநகரக் காலத்தது, செம்பாறைக் கல்லில் கட்டியது. அங்கே ராமாயணக் காட்சிகளைச் சின்னஞ்சிறு சிற்பங்களாகச் செதுக்கியிருக்கிறார்கள். பாட்டிகளை அதன் முன்னால் நிறுத்தி, எந்தக் காட்சி எது என்று பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லச் சொல்லுங்கள். அரை மணி நேரம் ஓடிவிடும்.

சின்னப் பள்ளிவாசலில் தொழுகை நேரம் பார்க்க அமைத்த சூரியக் கடிகாரம் ஒன்று இருக்கிறது. கேட்டு அனுமதி வாங்கிப் பாருங்கள். பிள்ளைகளின் கைக்கடிகாரத்தோடு அதன் நிழலை ஒப்பிட்டுப் பார்ப்பது நல்ல விளையாட்டு. மகிமை மாதா திருத்தலத்தின் வரலாறு போர்ச்சுக்கீசியர் காலத்தில், 1515-ல் தொடங்குகிறது. கட்டடம் புதிது, வழிபாடு பழையது.

விறகு வந்த வழி

ஏரியையொட்டிப் போகும் பக்கிங்ஹாம் கால்வாயையும் காட்டாமல் திரும்பக் கூடாது. 1806-ல் சென்னைக்கும் எண்ணூருக்கும் நடுவே தொடங்கியது, படிப்படியாகப் பழவேற்காடு வரை வந்து, அதையும் தாண்டி ஆந்திரா வரை நீண்டது. தாது வருஷப் பஞ்சத்தின்போது, 1877-78-ல், பசித்தவர்களுக்குக் கூலி கொடுத்துச் சென்னை நகருக்குள் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பகுதியை வெட்டினார்கள். அப்போதைய கவர்னரின் பெயர்தான் கால்வாய்க்கும் வந்தது.

ஸ்ரீஹரிகோட்டாக் காட்டு விறகு படகுகளில் இந்த வழியாகத்தான் சென்னைக்குப் போனது. வீட்டில் எண்பது வயதைத் தாண்டியவர் இருந்தால், விறகுப் படகைப் பார்த்த நினைவு இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். அவர்கள் வீட்டு அடுப்பில் எரிந்த விறகும் இந்த வழியாக வந்ததாக இருக்கலாம்.

சாப்பாடும் பறவையும்

பெரிய ஓட்டல்களை எதிர்பார்க்க வேண்டாம். புளிசாதமும் தயிர்சாதமும் கட்டிக்கொண்டு, மீன் வறுவலை மட்டும் ஊரில் வாங்கிக்கொள்வது நல்ல யோசனை. ஒரு ஐஸ் பெட்டி கொண்டுபோனால் இரவுக் குழம்புக்கு இறாலும் நண்டும் வாங்கிவரலாம். இங்குள்ள பெண்கள் பனையோலையில் பெட்டி, கூடை முடைகிறார்கள். வெளிநாட்டு விருந்தாளிக்கு இதைவிடப் பொருத்தமான பரிசு கிடையாது. பேரம் கொஞ்சம் குறைத்துப் பேசுங்கள், ஒரு பெட்டி முடைய எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்ட பிறகு பேசுங்கள்.

பூநாரைகள் வருவது நவம்பர் முதல் பிப்ரவரி வரை. தலையைக் கவிழ்த்து அலகால் சேற்றுநீரை வடிகட்டித் தின்னும். அதன் இளஞ்சிவப்பு நிறம்கூட அந்தத் தீனியிலிருந்து வருவதுதான். ஆனால், தண்ணீர் மட்டம் கூடினால் கூட்டம் இடம் மாறிவிடும். ஏரியின் பெரும்பகுதி ஆந்திராவில் இருப்பதால், பறவைக்காகவே போகிறவர்கள் சூலூர்பேட்டையிலிருந்து ஸ்ரீஹரிகோட்டா போகும் சாலையில் நின்று பார்ப்பது வழக்கம். அதை இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாம். இரண்டையும் ஒரே நாளில் திணித்தால் காரில் உட்கார்ந்ததுதான் மிஞ்சும்.

கிளம்பும் முன்

* ரயிலில் என்றால் கும்மிடிப்பூண்டி மார்க்கத்தில் பொன்னேரி வரை. அங்கிருந்து பேருந்து அல்லது ஆட்டோ.
* ஊரில் வசதிகள் குறைவு. கழிப்பறை போக வேண்டியவர்கள் பொன்னேரியிலேயே போய்விடுவது நல்லது.
* தொப்பி, தண்ணீர், பைனாகுலர் மறக்க வேண்டாம்.
* கரையில் காயும் வலைகளை மிதிக்க வேண்டாம். வலை பழுதானால் ஒருவருடைய அன்றைய வருமானம் போச்சு.
* வேலையில் இருப்பவர்களைக் கேட்காமல் படம் எடுக்க வேண்டாம். கேட்டால் பெரும்பாலும் சிரித்துக்கொண்டே சம்மதிப்பார்கள்.
* கொண்டுபோன பிளாஸ்டிக் எல்லாம் உங்கள் பையிலேயே திரும்பட்டும்.

மாலையில் வெயில் தாழ்ந்ததும் மறுபடி ஒருமுறை கரைக்கு வாருங்கள். வலையேற்றிக்கொண்டு படகுகள் கிளம்பும் நேரம் அது. ‘நாம போகலையா?’ என்று சின்னப் பிள்ளை கேட்கும். அவர்கள் வேலைக்குப் போகிறார்கள் என்று சொல்லி, கையசைத்து வழியனுப்பச் சொல்லுங்கள். படகிலிருந்தும் யாராவது கட்டாயம் கையசைப்பார்கள்.