பட்டியலில் இல்லாத பெயர்

சென்ற ஆண்டு நம் பங்குத் திருவிழா நிறைவுற்ற இரவில், நன்றி கூறும் பட்டியலை நாமே வாசித்தோம். கொடி வழங்கியவர், தேருக்கு மலர் அளித்தவர், அன்பு விருந்துக்கு அரிசி தந்தவர் என ஒருவரையும் விடவில்லை என்றே எண்ணியிருந்தோம்.

மறுநாள் காலை, கோயில் முற்றத்தை ஓர் இளைஞர் பெருக்கிக்கொண்டிருந்தார். பென்னலூருக்கு அருகே ஒரு தொழிற்சாலையில் ஒப்பந்தத் தொழிலாளி அவர். திருவிழா நாள்களில், இரவு வேலை முடிந்ததும் வீட்டுக்குப் போகாமல் நேரே கோயிலுக்கு வந்து, குப்பை அகற்றி, நாற்காலிகளை அடுக்கி வைத்தவர் அவரே. அவர் பெயர் நம் பட்டியலில் இல்லை! வெட்கத்தோடு மன்னிப்புக் கேட்டோம். அவரோ சிரித்தார்.

"பரவாயில்லை சாமி. கம்பெனியிலும் இப்படித்தான். போன மாதம் எங்கள் லைனுக்குக் கேடயம் கொடுத்தார்கள். போட்டோவுக்கு நிரந்தரத் தொழிலாளர் மட்டும் நிற்கட்டும் என்றார்கள். நான் கேமராவுக்குப் பின்னால் நின்று கைதட்டினேன்."

அந்தச் சிரிப்பு நம்மைச் சுட்டது.

இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் என நீளும் தொழிற்பேட்டைகளில் காரும் லாரியும் டயரும் கைப்பேசியும் உருவாகின்றன. இவற்றுள் எதுவும் தனி ஒருவரின் படைப்பன்று. ஒருவர் முடுக்கிய திருகாணியை நம்பியே அடுத்தவர் தம் பாகத்தைப் பொருத்துகிறார். நிரந்தரத் தொழிலாளி முடுக்கியதா, ஒப்பந்தத் தொழிலாளி முடுக்கியதா என்று திருகாணி அறியுமோ?

ஆலைக்குள் நிற்பவரை மட்டும் எண்ணினாலும் கணக்கு நிறைவு பெறாது. 2021 டிசம்பரில் நிகழ்ந்ததை நினைவுகூர்வோம். ஸ்ரீபெரும்புதூர் அருகே ஐபோன்களை உருவாக்கும் ஃபாக்ஸ்கான் ஆலையின் பெண் தொழிலாளர் தங்கியிருந்த விடுதி ஒன்றில், உண்ட உணவே நஞ்சாயிற்று. 250-க்கும் மேற்பட்ட பெண்கள் சிகிச்சை பெற்றனர். அவர்களுள் 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். தோழியர் நெடுஞ்சாலையில் அமர்ந்து நீதி கேட்டனர். ஏறத்தாழ 17,000 பேர் பணியாற்றிய அந்த ஆலை டிசம்பர் 18 அன்று மூடப்பட்டு, 2022 ஜனவரி 12 அன்றே மீண்டும் திறந்தது. சில விடுதிகளும் உணவுக்கூடங்களும் உரிய தரத்தில் இல்லை என்பதை ஆப்பிள் நிறுவனமே ஒப்புக்கொண்டது.

இயந்திரம் பழுதானதால் அந்த ஆலை நிற்கவில்லை. அடுப்பங்கரையை மறந்ததால் நின்றது! அரிசி களைபவரும் பாத்திரம் துலக்குபவரும் அந்த அணியின் உறுப்பினரே என்பதை எவ்வளவு பெரிய விலை கொடுத்துக் கற்க வேண்டியிருந்தது! பின்னர் 2024 ஆகஸ்டில், வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர் தங்குவதற்கான குடியிருப்பைத் தமிழக அரசு திறந்தது. நல்ல படுக்கையும் தூய உணவும்கூட, "உன் உழைப்பை மதிக்கிறோம்" என்று சொல்லும் மொழிதான்.

மனித உழைப்பைக் குறித்து 1981-இல் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் எழுதிய சுற்றுமடலும் இவ்வுண்மையையே வலியுறுத்துகிறது. செய்யும் வேலை எத்தகையது என்பதை விட, அதைச் செய்பவர் ஒரு மனிதர் என்பதே உழைப்பின் மாண்புக்கு அடிப்படை.

தலைமை ஏற்போர் எவ்வாறு நடக்க வேண்டும்? 1979 ஆகஸ்டு 10 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட எஸ்.எல்.வி.-3 கடலில் விழுந்தபோது, இஸ்ரோ தலைவர் சதீஷ் தவான் பத்திரிகையாளர் முன் தாமே நின்று பொறுப்பேற்றார். 1980 ஜூலை 18 அன்று வெற்றி கிட்டியபோதோ, திட்ட இயக்குநர் அப்துல் கலாமைப் பேசச் சொன்னார். பழியைத் தாம் ஏற்று, புகழைப் பிறருக்கு அளித்தார் அப்பெருந்தகை.

நம் குடும்பங்களில் மேற்பார்வையாளராகவும் பொறியாளராகவும் பணியாற்றுவோர் பலர். அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். "எல்லாருக்கும் நன்றி" என்று பொதுவாகச் சொன்னால், அந்த நன்றி எவரையும் சென்று சேராது. இன்னார் இன்ன வேலையைச் செய்தார் என்று, பிறர் கேட்கப் பெயர் சொல்லிப் பாராட்டுங்கள். ஆனால் உரிய கூலியில் குறைவைத்துவிட்டுப் புகழ்மொழி கூறுவது, பசித்தவர் கழுத்தில் பூமாலை இடுவதாகும், அது வேண்டாம். வீட்டிலும் அப்படியே. காலை ஷிப்டுக்குச் செல்பவருக்காக நான்கு மணிக்கு எழுந்து சோறு கட்டித் தரும் தாய்க்கும் மனைவிக்கும் என்றேனும் நன்றி சொன்னதுண்டா?

அடுத்த ஞாயிறு பூசை முடிவில், விட்டுப்போன பெயரை வாசித்தோம். அந்த இளைஞர் தலை நிமிரவில்லை. அவருடைய தாயார் மட்டும் முந்தானையால் கண்களைத் துடைத்துக்கொண்டார்.

அன்பர்களே, உங்கள் ஆலையில், உங்கள் இல்லத்தில், கேமராவுக்குப் பின்னால் நிற்பவர் யார்? இந்த வாரமே அவரைப் பெயர் சொல்லி முன்னே அழையுங்கள்.