பெயரைத் தேடிய ஒற்றன்

சித்தூர் அன்பர் ஒருவர் நமக்கு எழுதிய கடிதத்தில் ஒரு வினாவை எழுப்பியுள்ளார். ஒற்றர் கதைப் படங்கள் இரண்டாம் பாகம், மூன்றாம் பாகம் என்று வளர்ந்துகொண்டே போகின்றனவே, முதற் பாகத்தில் போட்ட முடிச்சைக் கடைசிப் பாகத்தில் ஒழுங்காக அவிழ்த்துக் காட்டிய படம் ஏதேனும் உண்டா என்பதே அவ்வினா. கமல்ஹாசனின் 'விஸ்வரூபம்' படத்தை அவர் பெரிதும் விரும்பியவர் என்பதும், 2018 ஆகஸ்டில் வெளிவந்த அதன் இரண்டாம் பாகத்தைக் கண்டு மனம் சோர்ந்தவர் என்பதும் கடிதத்தால் விளங்குகின்றன. அச்சோர்வில் நமக்கும் பங்குண்டு. முதற் பாகம் தமிழ்நாட்டில் தடைபட்டு, 2013 பிப்ரவரி 7ஆம் நாளன்றுதான் அங்கே திரைக்கு வந்தது. அதற்குள் பொறுமையிழந்து, எல்லை கடந்து வேற்று மாநிலம் சென்று பார்த்து வந்தோரும் உண்டு. அத்துணை ஆவலைக் கிளப்பிய கதை, ஐந்தாண்டு கழித்துத் தொடர்ந்தபோது சூடு ஆறிப்போயிருந்தது.

ஒற்றர் படம் நமக்குப் புதிதன்று. சித்தூரிலும் திருப்பதியிலும் குடியேறி வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு இவ்வகையில் இரட்டைச் செல்வம் வாய்த்தது. 1966ஆம் ஆண்டில் தமிழில் ஜெய்சங்கர் நடித்த 'வல்லவன் ஒருவன்' வந்தது. அதே ஆண்டில் தெலுங்கில் கிருஷ்ணாவும் ஜெயலலிதாவும் நடித்த 'கூடசாரி 116' வந்தது. கூடசாரி என்றால் ஒற்றன். கதாநாயகர் இருவருக்கும் அவரவர் மொழியில் 'ஜேம்ஸ் பாண்ட்' என்னும் பட்டம் நிலைத்துவிட்டது. இவற்றைக் குறைத்துப் பேச நமக்கு மனமில்லை. ஆனால் இவ்வகைக் கதையில் வில்லன் ஒழிந்தால் எல்லாம் ஒழிந்தது. கதாநாயகன் தலைமயிர் கலையாமல் அடுத்த படத்துக்குப் போய்விடுவான். அவனைப் பற்றி நாம் கேட்க வேண்டிய கேள்வி எதுவும் மிச்சமிராது.

அன்பர் கேட்ட இலக்கணத்துக்குப் பொருந்துவது, நாம் அறிந்த அளவில், அமெரிக்க நடிகர் மாட் டேமன் நடித்த ஜேஸன் போர்ன் கதையே. முதற் பாகம் 2002இலும், இரண்டாவது 2004இலும், 'தி போர்ன் அல்டிமேட்டம்' எனும் மூன்றாவது 2007இலும் வெளிவந்தன. முதற் படத்தை இயக்கியவர் டக் லைமன்; பின்னிரண்டையும் பால் கிரீன்கிராஸ். ராபர்ட் லட்லம் எழுதிய நாவல்களின் பெயரைத் தாங்கி வந்தபோதிலும், படங்கள் நாவல்களை விட்டு வெகுதூரம் விலகிச் சென்றவை.

கதையின் தொடக்கம் எளிது. மத்தியதரைக் கடலில் இரவு நேரத்தில் அசைவற்று மிதக்கும் ஒருவனை மீனவர்கள் கரையேற்றுகிறார்கள். முதுகில் குண்டுகள் பாய்ந்திருக்கின்றன; தான் யார் என்பது அவனுக்கு நினைவில்லை. சூரிச் நகரத்து வங்கிப் பெட்டகம் ஒன்றைத் திறந்தால், அவன் முகமே பதிந்த கடவுச்சீட்டுகள் பல இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு பெயர். (தகப்பனார் பெயரின் முதலெழுத்தைத் தாங்கி ஆந்திரத்துக்கு வந்து, பள்ளிப் பதிவில் 'இன்டிபேரு' என்ன என்று கேட்கப்பட்டுத் திகைத்து, சான்றிதழுக்கு ஒரு பெயரும் ஆதாருக்கு ஒரு பெயருமாக அலையும் நம்மவருக்கு இக்காட்சி பெரிய வியப்பை அளிக்காது!) நான் யார், என்னைக் கொலைத்தொழிலில் புகுத்தியவர் யார் என்பதே அவன் எழுப்பும் கேள்வி. மூன்று படங்களும் அந்த ஒரே கேள்வியைக் கைவிடாமல் பின்தொடர்கின்றன.

இரண்டாம் பாகம் நம் நாட்டிலேயே, கோவாக் கடற்கரையில் தொடங்குகிறது. அவனுடன் வாழ்ந்த மாரி என்னும் பெண் அங்கே கொல்லப்படுகிறாள். பழிவாங்கும் கதையாக அதை நடத்தியிருந்தால் கைதட்டல் எளிதாகக் கிடைத்திருக்கும். படமோ அவனை மாஸ்கோவுக்கு அழைத்துச் சென்று, தான் முன்பு கொன்ற தம்பதியரின் மகள் முன் நிறுத்தி, உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்க வைக்கிறது. சண்டைப் படத்தில் இப்படியொரு காட்சி அரிது.

இனி மூன்றாவது. லண்டன் வாட்டர்லூ ரயில் நிலையக் காட்சியை முதலில் சொல்ல வேண்டும். பத்திரிகையாளர் ஒருவரை, உளவுத்துறையின் காமிராக் கண்களில் படாமல், தொலைபேசி வழியே சொல்லிச் சொல்லிக் கூட்டத்தினூடே நடத்திச் செல்கிறான் போர்ன். பிரம்மோற்சவ நாளில் திருப்பதி ரயில் நிலையத்தில் குழந்தையின் கையை நழுவவிட்டு ஒரு கணம் பதறியவர்களுக்குக் கூட்டம் என்பது எப்படி மறைக்கும், எப்படிக் காட்டிக்கொடுக்கும் என்பது தெரியும். அந்தப் பதற்றத்தைப் படம் பத்து நிமிடத்துக்கு நீட்டிக்கிறது. படத்தொகுப்பு, ஒலிக்கலவை, ஒலித்தொகுப்பு ஆகிய மூன்றுக்கும் இப்படம் ஆஸ்கார் பரிசு பெற்றது நியாயமே.

ஆயினும் நாம் வியந்தது வேறொன்றை. இரண்டாம் பாகத்தின் முடிவில், உளவுத்துறை அதிகாரி பமேலா லாண்டி தொலைபேசியில் அவனுடைய இயற்பெயர் டேவிட் வெப் என்றும், பிறந்த நாள் 4-15-71 என்றும் சொல்கிறார். அன்று அது விடைபெறும் காட்சியாகத் தோன்றியது. மூன்றாம் பாகத்தில் அதே உரையாடல், அதே சொற்களுடன் நடுவில் வருகிறது. இப்போதுதான் தெரிகிறது, அது பிறந்த நாளே அன்று. நியூயார்க் நகரத்து 71ஆம் தெருவின் 415ஆம் எண் கட்டடம்! அவனைக் கொலையாளியாக ஆக்கிய இடம் அதுவே. முந்தைய படத்தின் கடைசிக் காட்சியை எடுத்து, ஒரு சொல்லும் மாற்றாமல் பொருளை மட்டும் மாற்றிய இத்திறம் கதை சொல்வோர் யாவரும் கற்கத்தக்கது.

அக்கட்டடத்தில் அவன் காணும் விடை கசப்பானது. அவனை யாரும் கடத்தவில்லை. நாட்டு மக்களின் உயிரைக் காக்கலாம் என்று நம்பி அவனே விரும்பி வந்து சேர்ந்தான். முகத்தை மூடி உட்காரவைத்திருந்த ஒருவனை, யார் என்றும் அறியாமல், சொன்னதற்காகச் சுட்டான். மூன்று படங்களாக அவன் தேடிய குற்றவாளிகளின் வரிசையில் அவனும் நிற்கிறான். கட்டளையிட்டவர்களைப் படம் மன்னிக்கவில்லை, கீழ்ப்படிந்தவனையும் விட்டுவிடவில்லை. ஒற்றர் படத்தில் நாம் எதிர்பாராத நேர்மை இது.

பின்னர் மாடியில், அவனைக் கொல்ல வந்த இன்னொரு கொலையாளி துப்பாக்கியுடன் நிற்கிறான். என்னைக் கொல்லச் சொன்ன காரணமாவது உனக்குத் தெரியுமா என்று போர்ன் கேட்கிறான். நம்மிடமிருந்து எதையெல்லாம் வாங்கிக்கொண்டார்கள் பார் என்ற கருத்தில் அவன் சொல்வது, முதற் படத்தில் அவன் கையால் மடிந்த ஒருவன் இறக்கும்போது சொன்ன சொல். வந்தவன் துப்பாக்கியைத் தாழ்த்துகிறான். போர்ன் ஆற்றில் குதிக்கிறான்; முதற் படத்தின் முதற் காட்சியில் போலவே நீரில் அசைவற்று மிதக்கிறான். பிறகு கை அசைகிறது, நீந்திப் போகிறான்.

கதை அங்கே முடிந்தது. பணம் முடியவிடவில்லை. 2012இல் வேறொரு நடிகரை வைத்து ஒரு படம். 2016இல் டேமனும் கிரீன்கிராஸும் மீண்டும் கூடி ஒரு படம். அதில் போர்னின் தந்தையைக் கொன்று, பழியை வேறெவர் மீதோ போட்டு, அந்த ஏமாற்றால்தான் அவன் இத்தொழிலில் சேர்ந்தான் என்று புதுக்கதை கட்டினார்கள். அவனே முன்வந்து செய்தான் என்ற கசப்பை இது நீர்த்துப்போகச் செய்துவிட்டது. ஆகவே அன்பருக்கு நம் யோசனை: 2007உடன் நிறுத்திக்கொள்ளலாம்.

மூன்றையும் வரிசை மாறாமல் பார்த்தல் வேண்டும். இரண்டாவதன் கடைசிக் காட்சியை மனத்தில் இருத்திக்கொண்டு மூன்றாவதைத் தொடங்குக. காமிரா ஓயாமல் ஆடுவதால் தலைசுற்றல் உள்ள பெரியவர்கள் சற்றுத் தள்ளி அமர்வது நலம். டான்ஜியர் நகரத்து வீட்டுக்குள் நடக்கும் சண்டை மிகக் கொடியது. சிறு பிள்ளைகளை அதற்கு முன்பே உறங்க அனுப்பிவிடுங்கள்.