இரண்டு சதவிகிதமும் இரக்கமும்

காரிமங்கலம் சந்தையில் தோழர் ஒருவர் நம்மிடம் கேட்டார்: "ஓசூரில் என் பையன் வேலை பார்க்கிற கம்பெனி, பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்குக் கட்டடம் கட்டிக் கொடுத்திருக்கிறதாம். முதலாளிக்கு நல்ல மனசுதானே?"

இருக்கலாம்! மனத்தை அளக்கும் படி நம்மிடம் இல்லை. சட்டம் இருக்கிறது, அதைப் புரட்டிப் பார்த்தோம்.

2013-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தின் 135-ஆவது பிரிவு 2014 ஏப்ரல் முதல் நாள் நடப்புக்கு வந்தது. ஆண்டுக்கு 5 கோடி ரூபாய் நிகர இலாபம் காணும் கம்பெனி, முந்தைய மூன்றாண்டுச் சராசரி இலாபத்தில் 2 சதவிகிதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்று அது வகுத்தது. செலவிடாவிட்டால்? காரணம் எழுதினால் போதும் என்றிருந்தது! 2021 ஜனவரியில்தான் கடிவாளம் இறுகிற்று: மிச்சப் பணத்தை அரசு குறித்த நிதியில் கட்டு, தவறினால் அபராதம். இரக்கம் தானே சுரந்திருந்தால் அபராதம் எதற்கு?

சட்டம் வருமுன் செய்தவரே இல்லையா? உண்டு. டாடாவின் ஜாம்ஷெட்பூர் இரும்பாலையில் 1912-லேயே எட்டுமணி நேர வேலை வந்தது. உலகத் தொழிலாளர் மாநாடு அதை ஒப்பந்தமாக்கியதே 1919-ல்தான். பாராட்டுகிறோம். ஆனால் அதே ஆலையில் 1920-லும் 1922-லும் வேலைநிறுத்தம் மூண்டதை மறப்பதற்கில்லை.

இனி, நம் தோழர் கவனிக்க வேண்டிய விதி ஒன்று. சொந்தத் தொழிலாளிக்கும் அவன் குடும்பத்துக்கும் மட்டும் பயன்படும் செலவு இந்த 2 சதவிகிதக் கணக்கில் சேராது. சரியான விதி! தொழிலாளிக்குத் தருவது தருமமல்ல, கொடுத்துத் தீரவேண்டிய கடன். பள்ளிக்கூடச் சுவரில் பெயர்ப்பலகை மாட்ட ஓடிவரும் கை, ஒப்பந்தத் தொழிலாளியை நிரந்தரமாக்கும் தாளில் கையெழுத்திட மட்டும் ஏன் நடுங்குகிறது? பலகைக்குப் படம் எடுப்பார்கள். தாளுக்கு யார் எடுப்பார்கள்?

தொழில் நடக்கும் வட்டாரத்துக்கே முன்னுரிமை என்றும் சட்டம் சொல்கிறது. ஆலை ஓசூரில், ஆள் போவது காரிமங்கலத்திலிருந்து! இந்த மாவட்டத்தில் புளோரைடு கலந்த நிலத்தடி நீர் பிள்ளைகளின் பல்லைக் கறையாக்கியது. அதைத் தீர்க்க 1,928 கோடி ரூபாயில் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல் திறக்கப்பட்டதே, அது முதலாளிகள் தந்த கொடையா? ஜப்பானிடம் கடன் வாங்கி அரசு கட்டியது!

பள்ளிக் கட்டடம் வேண்டாம் என்போமா? திறப்பு விழாவுக்குத் தோழர் போகட்டும், கைதட்டட்டும். வீடு திரும்பியதும் பையனிடம் கேட்கட்டும்: "இந்த மாதம் உன் கணக்கில் வைப்புநிதி கட்டினார்களா?"