மைசூர் பெயரில் ஒரு ராஸ்பெர்ரி

பெங்களூரைக் குளிர்ந்த ஊர் என்று மனிதர்கள் சொல்லிக்கொள்ளலாம். செடிகள் ஒப்புக்கொள்வதில்லை. பீன்யா, ஜாலஹள்ளி, தாசரஹள்ளி பக்கம் மொட்டை மாடியில் தொட்டி வைத்திருக்கும் தமிழ்க் குடும்பங்கள் பல. ரோஜாவும் கறிவேப்பிலையும் அலுத்துப்போன சிலர் பிளாக்கரன்ட், சிவப்பு ராஸ்பெர்ரி, ஐரோப்பிய கூஸ்பெர்ரி என்று தபாலில் கன்று வரவழைக்கிறார்கள். “மைனஸ் 20 டிகிரியிலும் பட்டுப்போகாது” என்று விற்பவர் சொல்வது பொய்யல்ல. ஆனால் பீன்யாவில் அந்தச் சாமர்த்தியத்துக்கு வேலை இல்லை.

இந்தப் புதர்கள் குளிரைத் தாங்குபவை மட்டுமல்ல, குளிர் இல்லாமல் பூக்கத் தெரியாதவை. இலை உதிர்ந்ததும் மொட்டுகள் உறங்கப் போகும். சுமார் 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இத்தனை மணி நேரம் கழிந்தது என்று கணக்கு நேரானால்தான் கண்விழிக்கும். பிளாக்கரன்டில் 1,000 மணி நேரத்துக்கு மேல் கேட்கும் ரகங்கள் உண்டு. பெங்களூரின் கதையோ வேறு. மார்கழி, தை மாத இரவுகளில் இங்கே சராசரி 15, 16 டிகிரி. ஊரின் வரலாற்றிலேயே மிகக் குறைந்த வெப்பநிலையாகப் பதிவானது 7.8 டிகிரி, அதுவும் 1884 ஜனவரியில். அந்த ஒரு ராத்திரிகூட இந்தச் செடிகளின் கணக்கில் சேர்ந்திருக்காது!

வாங்கிய வருடம் கன்று தழைக்கும். பிறந்த இடத்தில் பட்ட குளிரின் மிச்சம் அது. அடுத்த வருடம் மொட்டுகள் அங்கொன்றும் இங்கொன்றுமாக விழிக்கும். பூ வருவதே அபூர்வம். உறைபனி விழும் ஊட்டியில் இருப்பவர்கள் வேண்டுமானால் முயன்று பார்க்கலாம். பீன்யாவில் செடி வாங்குபவர் கேட்க வேண்டிய கேள்வி, இது எவ்வளவு குளிரைத் தாங்கும் என்பதல்ல, எத்தனை மணி நேரக் குளிர் இதற்கு வேண்டும் என்பதுதான்.

அப்படிக் கேட்டால் கிடைக்கும் பதில் வேடிக்கையானது. குளிரை எதிர்பார்க்காத ராஸ்பெர்ரி ஒன்று உலகத் தோட்டக்காரர்களுக்கு நன்றாகத் தெரியும். அதன் பெயரே மைசூர் ராஸ்பெர்ரி. தாவரவியல் பெயர் ரூபஸ் நிவியஸ். இமயமலை அடிவாரத்திலும் நம் மேற்கு மலைகளிலும் தானாக வளர்வது. வெப்பம் மிகுந்த தெற்கு ஃபுளோரிடாவில் வீட்டுத் தோட்டங்களில் விரும்பி வளர்க்கிறார்கள். பெங்களூர் நர்சரிகளில்தான் சுலபத்தில் கண்ணில் படுவதில்லை.

அடையாளம் எளிது. ஊதா நிறத் தண்டில் சுண்ணாம்பு பூசியது போல் வெள்ளைப் பூச்சு. இலையின் அடிப்பக்கமும் வெளுப்பு. பழம் சிவந்து, பிறகு கருநீலமாகும், இனிப்பாக இருக்கும். “ராஸ்பெர்ரி” என்ற சீட்டை மட்டும் நம்பாமல், தாவரவியல் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். லால்பாக்கில் குடியரசு தினத்தையும் சுதந்திர தினத்தையும் ஒட்டி நடக்கும் மலர்க் கண்காட்சிகளில் விசாரிக்கலாம். குன்னூர், கொடைக்கானல் பக்கம் உறவினர் இருந்தால் அவர்கள் வீட்டுத் தோட்டத்திலிருந்து கேட்டு வாங்கலாம். காப்புக் காட்டில் பிடுங்குவது குற்றம்.

நடுவதற்கு ஜூன், ஜூலை நல்லது. 40 லிட்டராவது பிடிக்கும் தொட்டி, செம்மண், மக்கிய எரு, தேங்காய் நார்த்தூள் போதும். இந்த ஆண்டு முளைக்கும் தண்டு பொதுவாக அடுத்த பருவத்தில் காய்க்கும். காய்த்து முடிந்த தண்டை அடியோடு வெட்டிவிடுங்கள். நீண்ட தண்டின் நுனியை வளைத்துப் பக்கத்துத் தொட்டி மண்ணில் புதைத்தால் வேர் விட்டு இன்னொரு செடி தயார். முள் உண்டு, கையுறை அவசியம். பறவைகள் முந்திக்கொள்ளும் என்பதால் வலை போடுங்கள். வலைக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. காலபாகஸ் தீவுகளில் பறவைகள் இதன் விதையைப் பரப்பி, அங்கே பெரிய களைத் தொல்லையாகிவிட்டது. காட்டோரத்தில் நட வேண்டாம்.

புளூபெர்ரியை விட மனமில்லாதவர்கள் ‘பிலாக்சி’, ‘மிஸ்டி’, ‘ஷார்ப்புளூ’ போன்ற, குறைந்த குளிரே போதும் என்கிற ரகங்களை நாடலாம். ஆனால் அதற்கு 4.5 முதல் 5.5 வரை பி.எச். உள்ள புளிப்பு மண் தேவை. போர்வெல்லின் கடின நீரை ஊற்றினால் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும்.

தண்ணீர் விஷயத்தில் பீன்யாக்காரர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். மின்முலாம் பட்டறைகள் நிறைந்த இந்தத் தொழிற்பேட்டையின் நிலத்தடி நீரில் குரோமியம் கலந்திருப்பது ஆய்வுகளில் பதிவாகியிருக்கிறது. எல்லா போர்வெல்லும் கெட்டது என்று அர்த்தமில்லை. ஆனால் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது; கொதிக்க வைத்தாலும் போகாது. சோதித்துப் பார்க்காத தண்ணீரைப் பழச்செடிக்கு ஊற்றாதீர்கள். பழைய இரும்புக் கடையில் மலிவாகக் கிடைக்கும் ரசாயன டிரம்மைத் தொட்டியாக்குவதும் கூடாது. உள்ளே என்ன இருந்தது என்று கடைக்காரருக்கே தெரியாது. பட்டறை ஓரத்து மண்ணும் வேண்டாம்.

மாற்று வழி தலைக்கு மேலேயே இருக்கிறது. பெங்களூரின் ஆண்டு மழை சுமார் 95 சென்டிமீட்டர். பத்து சதுர மீட்டர் கூரையில், சேதாரம் போக, வருடத்துக்கு ஏறக்குறைய 8,000 லிட்டர் பிடிக்கலாம். முதல் மழையில் கூரைத் தூசி கழுவிப் போகட்டும். அடுத்த மழையிலிருந்து பிடியுங்கள். மழைநீரில் சுண்ணாம்பு இல்லாததால் புளூபெர்ரிக்கும் அதுவே உகந்தது.

இவை எதுவும் கிடைக்காவிட்டால் மல்பெரி இருக்கிறது. பட்டுக்குப் பேர்போன கர்நாடகத்தில் கன்றுக்குப் பஞ்சமில்லை. பென்சில் கனமுள்ள குச்சியை ஒடித்து நட்டாலே வரும். கவாத்து செய்து இலையை உருவிவிட்டால் புதுத் துளிரோடு காயும் வரும். குளிரைப் பற்றி அது கேட்பதே இல்லை.