சத்தமில்லாம நகர்த்தாதீங்க!

"டவுன்லோட்ஸ்ல குவியுற ஃபைலெல்லாம் தானா அதது ஃபோல்டருக்குப் போகணும்பா"ன்னு யாராவது கேட்டா, பொட்டி தட்டுற மக்கள் நாம என்ன செய்வோம்? நாலு வரி பேட்ச் ஃபைல் எழுதிக் குடுத்துட்டு டீ குடிக்கப் போயிடுவோம். கேட்டவர் ஸ்க்ரீன் ரீடர் வெச்சு வேலை செய்றவரா இருந்தா அந்த நாலு வரி பத்தாது. சில சமயம் ஆபத்தும்கூட.

இங்க புதுவையில முத்தியால்பேட்டை நண்பர் ஒருத்தர். பார்வையற்றவர், போட்டித் தேர்வுக்குப் படிக்கிறார். தன்னார்வலர்கள் பாடத்தை வாசிச்சுப் பதிவு பண்ணி வாட்ஸ்அப்ல அனுப்புவாங்க. அவர் பொட்டியில இருக்கிறது என்விடிஏ. 2006ல ஆஸ்திரேலியாவுல மைக்கேல் கர்ரன்ங்கிற பார்வையற்ற இளைஞர் எழுத ஆரம்பிச்சது. இலவசம், ஓப்பன் சோர்ஸ், தமிழும் படிக்கும்.

மவுஸால இழுத்துப் போடுற கதையெல்லாம் இவருக்கு இல்ல. ஒவ்வொரு பேரையும் கேட்டு, கன்ட்ரோல் எக்ஸ், ஃபோல்டர் மாறி, கன்ட்ரோல் வி. வாட்ஸ்அப் வைக்கிற பேரெல்லாம் ஒரே மாதிரி ஆரம்பிக்கும், வித்தியாசம் கடைசி எண்கள்லதான். நாம ஒரு பார்வையில தாண்டுறதை இவர் கடைசி வரைக்கும் கேட்டாகணும். நாப்பது ஃபைல்னா நாப்பது தடவை. அதனால தானியங்கி ஏற்பாடு இவருக்குச் சொகுசு இல்ல, படிக்கிற நேரம்.

சரி, ஆபத்து எங்க? பேட்ச் ஃபைலுக்குள்ள 'மூவ்' கட்டளை போட்டா, போற இடத்துல அதே பேர்ல இன்னொண்ணு இருந்தாலும் கேக்காது, மேல எழுதிடும். கையால அடிச்சா "மாத்தவா?"ன்னு கேக்குற அதே மூவ்தான், பேட்ச்சுக்குள்ள போனா வாயை மூடிக்கும். ரீசைக்கிள் பின்லயும் பழசு கிடைக்காது. ரெண்டு பேர் ரெண்டு பாடத்துக்கும் "பாடம் 1"ன்னு பேர் வெச்சு அனுப்பினா முடிஞ்சது. தேர்வுக்கு முந்தின ராத்திரி வரலாறைத் திறந்தா பொருளாதாரம் பேசும்.

"கேக்கச் சொல்லி ஆப்ஷன் இருக்கே"ம்பீங்க. இருக்கு. ஆனா டாஸ்க் ஷெட்யூலர்ல, கண்ணுக்கும் காதுக்கும் எட்டாத விண்டோவுல அது கேட்டுட்டு நின்னா யார் பதில் சொல்றது? கேள்வியே வேண்டாம். அதே பேர் இருந்தா பேரோட ஒரு எண்ணைச் சேர்த்து வைங்க, ரெண்டும் பத்திரம்.

அடுத்தது, ஸ்கிரிப்ட் பேசணும். எக்ஸ்ப்ளோரர்ல காப்பி ஆகும்போது என்விடிஏ ஏறுற சுருதியில பீப் பீப்னு சொல்லிக்கிட்டே போகும். நம்ம ஸ்கிரிப்ட்டோ ஒண்ணு ஊமையா முடிக்கும், இல்லேன்னா பக்கம் பக்கமாக் கொட்டும். ரோபோகாப்பி சதவீதக் கணக்கு மொத்தத்தையும் காதுல வாங்கிப் பாருங்க, தெரியும் :-) '/என்பி' போட்டா அந்தச் சதவீதம் நிக்கும். '/எல்' போட்டா எதையும் நகர்த்தாம, என்ன நகரும்னு மட்டும் சொல்லும். கடைசியில ஒரு வரி போதும்: "37 நகர்ந்தது, 2 பேர் மாறியது, 1 நகரவில்லை." விவரமெல்லாம் ஒரு டெக்ஸ்ட் ஃபைல்ல இருக்கட்டும், வேணும்போது திறந்து கேட்டுப்பார்.

இதெல்லாம் எதுக்குன்னா, அவருக்கு ஃபோல்டர்ங்கிறது மனசுல போட்டு வெச்ச வரைபடம். நம்ம ஊர் வீதிகள் நேர்க்கோடு, எண்ணி நடந்துடலாம். ஆனா ஞாயித்துக்கிழமை காந்தி வீதியில சந்தை போட்டா, தினம் நடந்த வழியே வேற. சந்தையாவது இரைச்சல் போட்டு, தான் வந்திருக்கிறதைச் சொல்லிடும். ராத்திரியோட ராத்திரியா ஃபைலை இடம் மாத்துற ஸ்கிரிப்ட் அதுகூடச் சொல்றதில்ல.

அவர் கேக்குறது வேலையை மிச்சம் பண்ணித் தர ஆள் இல்ல. "அந்த ஃபைல் எங்க போச்சு, கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க"ன்னு இன்னொருத்தரைக் கூப்பிடாம இருக்கிற நிலைமை. ஊமை ஸ்கிரிப்ட் எழுதினா அந்த நிலைமையைத்தான் நாம பிடுங்கிக்கிறோம்.

டிஸ்கி: லினக்ஸ் மக்கள் ரொம்பச் சிரிக்க வேண்டாம். 'எம்வி'யும் சாதாரணமாக் கேக்காமத்தான் மேல எழுதும். '-என்' போட்டுப் பழகுங்க.