தலைச்சீரா

வண்டி வாங்குதற்குத் திங்கள் பல ஆராயும் நாம், அதனைச் செலுத்துங்கால் தலைமேல் அணிதற்குரிய கவசத்தை வாங்குதற்கு ஐந்து நிமிடமும் செலவிடுகின்றோமில்லை. இஃது எம்போலும் மாணவர்பால் மட்டும் காணப்படும் குறையன்று. அவிநாசிச் சாலையில் சிறிது பொழுது நின்று நோக்குவார் யாவரும் இதனைக் காண்பர். சிலர் கவசத்தை முழங்கையில் மாட்டியிருப்பர். சிலர் பெட்ரோல் டாங்கியின்மேல் அமர்த்தியிருப்பர். வேறு சிலர் தலையிற் கவிழ்த்தும் வாரைப் பூட்டாது காற்றிலே பறக்கவிட்டிருப்பர். காவலர் நிற்கும் சந்தி அணுகும்பொழுதே அது தலையை நாடி ஏறும்.

சென்ற ஆண்டு என் தமையனாருடன் காந்திபுரத்துக் கடையொன்றிற்குச் சென்றிருந்தேன். கடைக்காரர் முதற்கண் வினவியது, “தம்பி, போலீசுக்குங்களா, தலைக்குங்களா?” என்பதாம். நம் நாட்டு நிலையை இதனினுஞ் சுருங்கச் சொல்லுதல் அரிது. அவர் கடையில் இருவகையும் இருந்தன என்பதே வருந்தத்தக்கது.

இக்கருவிக்குச் சீரா, தலைச்சீரா என்னும் பெயர்கள் தமிழ் விவிலியத்தில் பயில்கின்றன. சவுல் அரசன் தன் வெண்கலச் சீராவைத் தாவீதின் தலையில் வைத்தபொழுது, அவ்விளைஞன் அதனைக் களைந்துவிட்டுக் கவணோடு சென்றான். இதனை எடுத்துக்காட்டித் தமக்குத் துணை தேடும் விடுதி நண்பர் சிலர் உளர். அவன் களைந்தது பிறனுக்கென அமைந்த சீராவை. பழகாத ஒன்றை அணிந்து நடத்தல் இயலாது என்பதே அவன் கூறிய காரணம். மேலும், கோலியாத்தின் சீரா நெற்றியை நன்கு மறைத்திருப்பின் அக்கதை வேறாக முடிந்திருக்கும் என்பதையும் அந்நண்பர் எண்ணிப் பார்ப்பாராக.

ஆகவே முதலில் நோக்கத்தக்கது பொருத்தமே, விலை அன்று. நம் கொங்கு நாட்டுப் பெரியோர் கட்டும் உருமால் ஒவ்வொரு நாளும் அவரவர் தலைக்கே அளந்து கட்டப்படுவது. கவசமோ முன்னரே செய்து வைக்கப்பட்டது. ஆதலின் நாமே அளந்துகொள்ளல் வேண்டும். புருவத்துக்குச் சற்று மேலாக, பின்தலை புடைத்த இடத்தைச் சூழ நாடாவால் அளந்தால் 56, 58, 60 சென்டிமீட்டர் என ஓர் எண் வரும். ஆயினும் எண் மட்டும் போதாது. ஒருவர் தலை நீண்டிருக்கும். மற்றொருவர் தலை உருண்டிருக்கும். கவசத்தை அணிந்து கடையிலேயே பத்து நிமிடம் இருத்தல் நன்று. கன்னங்கள் சிறிது அழுந்த வேண்டும். நெற்றியில் ஓரிடம் மட்டும் நோதல் கூடாது. கவசத்தை இருபுறமும் அசைத்தால் நெற்றித் தோலும் உடன் அசைய வேண்டும். வாரைப் பூட்டிப் பின்புறத்தினின்று மேலே தள்ளுங்கால் கழன்று வருமாயின், அது எத்துணை விலையுடையதாயினும் திருப்பிக் கொடுத்தற்குரியது. புதிதில் சற்று இறுக்கமாயிருப்பது நாளடைவில் இளகும். புதிதிலேயே தளர்ந்திருப்பது ஒருநாளும் இறுகாது.

கலங்கலில் 1893இல் பிறந்த ஜி. டி. நாயுடு அவர்கள் இளமையில் உணவு விடுதியில் உழைத்துப் பொருள் சேர்த்து, ஓர் ஆங்கிலேய அதிகாரியின் மோட்டார் சைக்கிளை வாங்கி, அதனை உறுப்பு உறுப்பாகப் பிரித்துக் கற்றார். அவர் ஊரில் வாழும் நாம் கவசத்தின் உட்புறத்தையேனும் விரித்துப் பார்த்தல் தகாதோ? மேலோடும் உட்துணியும் மட்டுமே உடையது வெறுந்தொப்பி. அவ்விரண்டிற்கும் இடையே, தெர்மாக்கோல் இனத்தைச் சேர்ந்த கட்டியான வெண்ணுரை இருத்தல் வேண்டும். அடிபடுங்கால் அந்நுரை நசுங்கித் தாக்குதலின் வேகத்தைத் தான் ஏற்கின்றது. ஒருமுறை நசுங்கியது மீண்டும் எழாது. ஆதலின் பெருவிபத்தில் அடிபட்ட கவசம், மேலோடு பளபளப்பாயிருப்பினும் மாற்றத்தக்கதே.

லாரன்ஸ் என்னும் ஆங்கிலேயப் படைவீரர் 1935ஆம் ஆண்டு மே மாதத்தில் மோட்டார் சைக்கிள் விபத்தில் தலையில் அடிபட்டு இறந்தார். அவரைப் பார்த்த மருத்துவருள் ஒருவரான ஹியூ கெய்ர்ன்ஸ் இத்துறையை ஆராய்ந்து 1941இல் கட்டுரை வெளியிட்டார். அவ்வாண்டிலேயே பிரித்தானியப் படையின் தூதுவர்க்குக் கவசம் கட்டாயமாயிற்று. பல ஆய்வுகளைத் தொகுத்து 2008இல் வெளிவந்த ஒரு மதிப்பீடு, கவசம் மரணத்தை நூற்றுக்கு 42 பங்கும் தலைக்காயத்தை 69 பங்கும் குறைக்கின்றது என்றது. ‘தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று’ என்னும் நம் பழமொழியை இக்கணக்கு மெய்ப்பிக்கின்றது.

இனி, யான் சிறப்பாகச் சொல்ல விரும்புவது பின்னிருக்கையைப் பற்றி. மத்திய அரசின் 2022ஆம் ஆண்டுக் கணக்கின்படி, கவசமின்றி விபத்தில் இறந்தோர் 50,029 பேர்; அவருள் 14,337 பேர் பின்னால் அமர்ந்து சென்றோர். தமிழ்நாட்டில் 2015 ஜூலை முதல் நாளிலிருந்து பின்னிருப்போர்க்கும் கவசம் கட்டாயம் என உயர்நீதிமன்ற ஆணை நடைமுறைக்கு வந்தது. எனினும் மகன் கவசத்தோடு முன்னிருக்க, அன்னை கொண்டையிற் பூவோடு ஒருக்களித்து அமர்ந்து செல்லும் காட்சி மேட்டுப்பாளையம் சாலையில் நாள்தோறும் உண்டு. கொண்டைக்குக் கவசம் பொருந்தாது என்பர். தாழ்த்திப் பின்னினால் பொருந்தும். அவர்க்கென அளந்து வாங்கினார் இலர் என்பதே உண்மை.

வெயிலையும் வியர்வையையும் முறையிடுவார் உளர். சித்திரை மாதத்துக் கோவையில் அது மெய்யே. காற்றுத்துளை உடையதைத் தேர்ந்து, உள்ளே மெல்லிய பருத்தித்துணி அணிந்துகொள்ளலாம். விலையோ, ஐ.எஸ்.ஐ. முத்திரையும் உரிமஎண்ணும் பெற்று, முகம் முழுவதும் மறைப்பது ஆயிரம் ரூபாய்க்குச் சற்று முன்பின்னாகக் கிடைக்கின்றது. அவ்வெண் மெய்யோ பொய்யோ என்பதைத் தரநிர்ணய அமைவனத்தின் கைப்பேசிச் செயலியிலே கண்டுகொள்ளலாம். கவசம் அணியாமைக்குச் சட்டம் விதிக்கும் தண்டமும் ஆயிரமே என்பதைக் கணக்கறிந்த நம்மூரார் நோக்குக.

கல்லூரித் தலைவர்க்கு ஒரு விண்ணப்பம். வகுப்பறையில் கவசத்தை வைக்க இடமின்மையால் அதனை வீட்டிலேயே விட்டுவரும் மாணவர் பலர். வண்டி நிறுத்துமிடத்தின் கிழக்குச் சுவரில் பூட்டோடு கூடிய மரத்தட்டுக்கள் அமைப்பின் அச்சாக்கு ஒழியும். செலவு சிறிது, அச்சுவரும் இப்போது வெறிதே நிற்கின்றது.